சுவிட்சைப் போடுங்க சார்

1989 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வீட்டு உபயோகத்துக்கான ஜூசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆபீஸ் அறையில், ஞானகுமாரியின் முன்னால் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தார் மேனேஜர் வரதன். தாளில் டைப் அடித்த நான்கு வரிகள் இருந்தன. மோட்டார் தண்டில் கப்ளரைச் சரியாக முடுக்காமல் விட்டது தன் கவனக்குறைவு என்றும், அதனால் வாடிக்கையாளர் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டதற்குத் தானே பொறுப்பு என்றும் ஞானகுமாரி சொல்வதாக அந்த வரிகள் சொல்லின.

அவள் இரண்டு தடவை படித்தாள். பேனாவைத் தொடவில்லை.

"அந்த மெஷின் எங்க கீது சார்?"

"கஸ்டமர் வீட்லதான். வேப்பம்பட்டு. லெட்டர் போட்டிருக்காங்க. மெஷின் நம்பரும் எழுதியிருக்காங்க. அது உன் மேசையில பூட்டின மெஷின்."

"மெஷினக் கண்ணால பாத்தீங்களா?"

"பாக்க என்னம்மா இருக்கு? சல்லடை கழண்டு மூடிய ஒடச்சிக்கிட்டு வந்திருக்கு. கப்ளர் லூசா இருந்தாத்தான் அப்படி ஆகும். கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாரு. எச்சரிக்கையோட விட்டுடறேன்."

"பாக்காத மெஷினுக்கு நான் இன்னாத்துக்கு சார் கையெழுத்துப் போடணும்? போட மாட்டேன்."

வரதன் மேசையைத் தட்டினார். வெளியே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஞானகுமாரிக்கு சஸ்பென்ஷன் மெமோ வந்தது. பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, விசாரணை.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஆவடியில் பிறந்து, பத்தாவது முடித்து, ஜேசுராஜைக் கட்டிக்கொண்டு மேனாம்பேட்டுக்கு வந்தவள். ஜேசுராஜ் பேட்டையிலேயே வேறொரு பட்டறையில் லேத் ஓட்டினான். இரண்டு பெண் பிள்ளைகள். சின்னவளுக்கு ஒரு வயது முடிந்த கையோடு, 1983இல், ஞானகுமாரி இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். மோட்டார் தண்டில் கப்ளரை ஏற்றி முடுக்குவது அவள் வேலை. கப்ளர் என்பது மோட்டாரின் சுழற்சியைச் சல்லடைக்கு வாங்கிக் கொடுக்கிற, மேலே மூன்று பல் கொண்ட சின்ன வட்டம். அதை முடுக்கி, கையால் இழுத்துப் பார்த்து, ஒரு தரம் ஓட விட்டுக் காதால் கேட்டுவிட்டுத்தான் அடுத்த மேசைக்குத் தள்ளுவாள். ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து மெஷின்.

அவள் சேர்ந்தபோது அந்தக் கம்பெனியில் பெண்கள் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான் வேலை பார்த்தார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம் ஞானகுமாரி வீட்டிலிருந்து ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு வேளையில் யாரோ அதை எடுத்துக் காம்பவுண்டுக்கு வெளியே போட்டார்கள். அவள் போய் எடுத்து வந்தாள். மறுநாளும் போட்டார்கள், மறுநாளும் எடுத்து வந்தாள். நான்காம் நாள் யாரும் தொடவில்லை. அடுத்த மாதம் எல்லா மேசைக்கும் இரும்பு ஸ்டூல் வந்தது. அதிலிருந்தே வரதனுக்கு அவளைக் கண்டால் ஆகாது.

மெமோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது ஜேசுராஜ் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தான். படித்துப் பார்த்தான்.

"ஒரு கையெழுத்து தானேமே? போட்டுட்டுப் போயிருக்கலாம். யார் பாக்கப் போறாங்க?"

"நீ கடைசல் புடிச்ச சாமான் சரியா இல்லைன்னு, சாமானக் கண்ணால பாக்காமயே ஒருத்தன் எழுதிக் குடுன்னு கேட்டா, நீ குடுப்பியாயா?"

ஜேசுராஜ் துண்டைக் கொடியில் போட்டான்.

"குடுக்க மாட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் இன்னா?"

"சரி. இப்ப இன்னா பண்ணப் போற?"

"மெஷினப் பாக்கப் போறேன்."

வரதன் புகார் கடிதத்தை அவள் முன் பிரித்து வைத்துப் படித்துக் காட்டியிருந்தார். அப்போதே முகவரியை மனசில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மறுநாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு, அம்பத்தூரில் திருவள்ளூர் வண்டி ஏறினாள். ஆவடி வரை கூட்டம். பட்டாபிராம் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. அந்த வீட்டில் என்ன பேசப் போகிறோம் என்று வழியெல்லாம் யோசித்தாள். வேப்பம்பட்டில் இறங்கும்போதும் ஒன்றும் தோன்றியிருக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. தலைமுறை தலைமுறையாக நெல் போட்டு வந்த குடும்பம் அது. வீட்டுக்காரர் லோகநாதன் இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உரக்கடை வைத்திருந்தார். புகார் எழுதியது அவர் மனைவி வசந்தா. கதவைத் திறந்தவளே அவள்தான். இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. அதன் கீழே மூன்று தையல்.

"யாரும்மா நீ?"

"கம்பெனிலேந்து வரேன்கா. உங்க மெஷின்ல கப்ளர் மாட்னது நான்தான்."

வசந்தாவின் முகம் மாறியது.

"நீதானா அது? கொஞ்சம் கீழ பட்டிருந்தா என் கண்ணே போயிருக்கும், தெரியுமா? இன்னா தைரியத்துல வந்து நிக்கிற?"

"திட்டுங்கக்கா. நான் சரியா முடுக்கலைன்னு தெரிஞ்சா இங்கயே உங்க எதிர்ல எழுதிக் குடுத்துட்டுப் போறேன். அதுக்கு முன்னால ஒரு தபா மெஷினப் பாத்துடறேன்."

வசந்தா வழிவிட்டாள். அவளுடைய பெரிய மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து எழுந்த நேரம். சாத்துக்குடிச் சாறு நிறையக் கொடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னதால்தான் ஜூசரே வாங்கியிருந்தார்கள். முதல் நாள் ஓட்டியபோதே அது வெடித்தது போல் உடைந்தது. இப்போது சமையலறை அலமாரியின் அடித்தட்டில், ஒரு பழைய துணியால் மூடிக் கிடந்தது.

ஞானகுமாரி தரையில் உட்கார்ந்து மெஷினை மடியருகே இழுத்துக்கொண்டாள். கப்ளரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. அவள் முடுக்கியது முடுக்கியபடியே இருந்தது.

"நீங்களே பாருங்கக்கா. இழுத்துப் பாருங்க."

வசந்தா இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

"அப்ப எப்பிடி ஒடஞ்சுது?"

"அன்னிக்கு நீங்க எப்பிடி மாட்னீங்களோ, அதே மாதிரி இப்ப மாட்டிக் காட்டுங்க. கரண்டு வேணாம். சும்மா மாட்டுங்க."

வசந்தாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "நீயும் அதேதான் சொல்ல வர. எனக்கு மாட்டத் தெரியலைன்னு. எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா அதத்தான் சொல்லிகினு கீறாரு. பேப்பர்ல போட்ட படத்தப் பாத்து, ஒண்ணு ஒண்ணா வெரல் வச்சுப் பாத்துதான்மா நான் மாட்னேன்."

"எந்தப் பேப்பரு?"

பெட்டியோடு வந்த செய்முறைத் தாளை வசந்தா எடுத்து வந்தாள். ஞானகுமாரி அதை அதுவரை பார்த்ததே இல்லை. மெஷின் பூட்டுகிறவர்களுக்கு அந்தத் தாளைக் காட்டுகிற வழக்கம் இல்லை. அது பேக்கிங்கில் நேராகப் பெட்டிக்குள் போய்விடும். ஐந்து படங்கள் இருந்தன. முதல் படத்தில், சாறு விழுகிற பாத்திரத்துக்குள் சல்லடையை வைக்கிறார்கள். இரண்டாவதில், சல்லடையோடு பாத்திரத்தைத் தூக்கி மோட்டார் மேல் வைக்கிறார்கள். மூன்றாவதில் மூடி. நான்காவதில் இரண்டு பக்கக் கிளிப்புகள். ஐந்தாவதில், சிரித்த முகத்தோடு ஒரு பெண் டம்ளரைப் பிடித்திருக்கிறாள்.

வசந்தா அதே வரிசையில் மாட்டினாள். உடைந்த மூடியைக்கூடத் தன் இடத்தில் வைத்துக் கிளிப்பைப் போட்டாள். வெளியே பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஞானகுமாரி மூடியின் உடைந்த ஓட்டை வழியாக விரலை விட்டுச் சல்லடையைச் சுற்றினாள். அது காற்றாடி போலச் சுற்றியது.

"இது சுத்தக் கூடாதுக்கா. கீழ மோட்டாரோட சேந்து இறுக்கமா வரணும். சல்லடை கப்ளருக்குள்ள எறங்கவே இல்ல. மூணு பல்லு மேல சும்மா ஏறி நிக்குது. ஓடுனா தூக்கித்தான் அடிக்கும்."

அவள் எல்லாவற்றையும் கழற்றினாள். முதலில் வெறும் பாத்திரத்தை மோட்டார் மேல் வைத்தாள். அப்புறம் சல்லடையை உள்ளே விட்டு, லேசாகத் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். 'டொக்' என்று ஒரு சத்தம். சல்லடை ஒரு நெல்மணி உயரம் கீழே இறங்கியது. இப்போது விரலால் சுற்றினால் கனமாக வந்தது.

"அவ்ளோதான். இந்தச் சத்தம் கேட்டாத்தான் மூடி போடணும். இந்தப் பேப்பர் வேற எந்த மெஷினயோ பாத்து எழுதுனது. சில மெஷின்ல சல்லடை பாத்திரத்தோட சேந்து வரும். நம்மள்து அப்பிடி இல்ல."

வசந்தா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தானே கழற்றி, தானே ஒருமுறை மாட்டினாள். சத்தம் கேட்டதும் உள்ளே திரும்பி உரக்கக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க! எனக்கு மாட்டத் தெரியுதா இல்லையான்னு வந்து பாருங்க!"

லோகநாதன் வந்தார். அவர் கையில் ஒரு கடிதம் இருந்தது. முந்தின நாள்தான் ஜூசர் விற்ற கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். கம்பெனி புது மெஷின் தரத் தயார். அதற்கு வசந்தா ஒரு கையெழுத்துப் போட வேண்டும். மெஷினைப் பூட்டிய தொழிலாளியின் தவறு என்று கம்பெனி விளக்கியதில் தனக்குத் திருப்தி, இனி புகார் இல்லை என்று.

"போட்டுட்டு வாங்கிக்கலாம்னு கீறேன்," என்றார் லோகநாதன். "எதுக்கு வம்பு?"

வசந்தா கடிதத்தை வாங்கி ஞானகுமாரியிடம் நீட்டினாள். இவள் படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு குடுத்தாங்கக்கா. நான் தப்புன்னு நான் எழுதணும், நீங்களும் எழுதணும். பேப்பர் போட்டவரு மட்டும் ஒண்ணும் எழுத வேணாம்."

"புதுசு குடுத்தாலும் அதே பேப்பர்தானே உள்ள வரும்?" என்றாள் வசந்தா. "இன்னொரு வூட்ல இன்னொருத்தி மூஞ்சில பட்டா? நான் போட மாட்டேன். உனக்கு விசாரணை என்னிக்கு?"

"வர்ற வாரம் வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு."

"நான் வரேன்."

வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வசந்தாவைத் தடுத்தார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம். வசந்தா பையிலிருந்து உடைந்த மூடியை எடுத்துக் கேட்டின் கம்பியில் தட்டினாள். "நான் வெளியாளு இல்ல. இந்தப் பொருளுக்குக் காசு குடுத்தவ. முதலாளிகிட்ட போய்ச் சொல்லு." சத்தம் கேட்டு முதலாளியே மாடியிலிருந்து எட்டிப் பார்த்து உள்ளே விடச் சொன்னார். புருவத்தில் தையல் தழும்போடு நின்ற பெண்மணியைத் தெருவில் நிறுத்தி வைக்க அவருக்கு இஷ்டமில்லை.

விசாரணை நடந்த அறையில் முதலாளி, வரதன், டைப் அடிக்க ஒரு குமாஸ்தா. ஞானகுமாரியோடு பேக்கிங் பிரிவிலிருந்து கன்னியம்மா துணைக்கு வந்திருந்தாள். வரதன் பேச ஆரம்பிக்குமுன் ஞானகுமாரி எழுந்து நின்றாள்.

"நான் நெறைய பேசப் போறது இல்ல சார். ஸ்டோர்லேந்து ஒரு புது மெஷின் எடுத்துகினு வரச் சொல்லுங்க. என் மேசைல பூட்னது வேணாம். யார் பூட்னதா இருந்தாலும் சரி."

முதலாளி தலையாட்டினார். புது மெஷின் வந்தது. பெட்டியைப் பிரித்து அவள் தாளை மட்டும் எடுத்து வரதனிடம் கொடுத்தாள்.

"இதுல கீற மாதிரியே நீங்க மாட்டுங்க சார். நான் கிட்டகூட வரல."

"இது என்ன விளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல சார். இந்தப் பேப்பரப் பாத்து ஓகே பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்புனது நீங்கதானே? கன்னியம்மாக்காதான் சொன்னாங்க. மாட்டுங்க."

வரதன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மெஷினை அவர் பக்கம் தள்ளினார். வரதன் வேறு வழியில்லாமல் மாட்டினார். பாத்திரத்தில் சல்லடை, மோட்டார் மேல் பாத்திரம், மூடி, கிளிப். இடது கிளிப் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அழுத்திப் போட்டார். ஞானகுமாரி ஒயரை எடுத்துச் சுவரில் செருகினாள்.

"இப்ப சுவிட்சப் போடுங்க சார்."

வசந்தா மேசைக்கு எதிரே வந்து நின்றாள். முதலாளி நாற்காலியோடு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார். வரதனின் கை சுவிட்ச் வரை போய் அங்கேயே நின்றது. முரண்டு பிடித்த அந்தக் கிளிப்பே, சல்லடை உள்ளே இறங்கவில்லை என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் இருந்த மனிதர்.

"சரியான மெஷின்தானே சார், போடுங்க," என்றாள் ஞானகுமாரி. "ஊட்ல கொழந்தைக்குச் சாத்துக்குடி புழிய அந்தக்கா போட்டாங்களே. நீங்க போட மாட்டீங்களா?"

குமாஸ்தா டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தார். வரதன் கையை எடுத்துவிட்டார்.

"ஒயரைப் புடுங்கும்மா," என்றார் முதலாளி.

அத்தோடு விசாரணை முடிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

"வாயால சொன்னா பத்தாது சார். தப்புன்னு டைப் அடிச்சீங்க இல்ல? தப்பு இல்லைன்னும் டைப் அடிச்சுக் குடுங்க. அது கைக்கு வந்தாத்தான் உள்ள வருவேன்."

பதினோரு நாள் அவள் காலை எட்டு மணிக்குக் கேட்டுக்கு வந்து, கடிதம் ரெடியா என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போனாள். ஆறாம் நாள் தேவாலயத்தில் பாதிரியாரே கூப்பிட்டு, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகலாமே என்றார். "எதை விடணும்னு சொல்லுங்க ஃபாதர், விடறேன்," என்றாள். ஜேசுராஜுக்குள் பயம் இருந்தது. ஆனால் அவன் ஒருநாளும் போதும் என்று சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் இரண்டு வரியில் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு திரும்பப் பெறப்பட்டது. அவ்வளவுதான். அவள் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போனால், அவளுடைய மேசையில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். ஞானகுமாரியைப் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். கை வேலை தெரிந்தவளை அட்டைப்பெட்டி ஒட்ட வைப்பது தண்டனைதான் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் போய்க் கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பெட்டி வந்தது. அதோடு ஒரு கட்டுச் செய்முறைத் தாள். பழைய தாளேதான். அச்சடித்தது தீரும்வரை அதையே போட வேண்டும் என்று உத்தரவாம்.

ஞானகுமாரி கட்டைத் தூக்கித் தரையில் வைத்தாள்.

"இத நான் போட மாட்டேன்கா."

கன்னியம்மா அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். விதவை. மூன்று பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில் வளர்க்கிறவள். அவள் தன் கையிலிருந்த தாளையும் எடுத்து அந்தக் கட்டின் மேல் வைத்தாள். "நீ பாட்டுக்கு எங்களுக்கும் வேல வைக்கிற," என்று முனகினாள். பிறகு மற்ற ஐந்து பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "இந்தாங்கடி, பேப்பர் இல்லாம பெட்டிய ஒட்டாதீங்க. நல்ல பேப்பர் வரட்டும்."

இரண்டு நாள் ஒரு பெட்டிகூட வெளியே போகவில்லை. மெஷின்கள் பேக்கிங் மேசையிலிருந்து நடைபாதைவரை அடுக்கிக் கிடந்தன. வரதன் கத்தினார். ஏழு பேரையும் வீட்டுக்கு அனுப்புவேன் என்றார். ஏழு பேரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். தீபாவளி ஆர்டர் நேரம். முதலாளி இறங்கி வந்தார். மூன்றாம் நாள், மை காயாத புதுத் தாள்கள் வந்தன. முதல் படத்தில் வெறும் பாத்திரம் மோட்டார் மேல் இருந்தது. இரண்டாவதில் இரண்டு கட்டைவிரல்கள் சல்லடையை அழுத்தின. 'சத்தம் கேட்கும் வரை அழுத்தவும்' என்று தமிழிலேயே போட்டிருந்தார்கள். அந்தத் தாளோடு வெளியே போன முதல் பெட்டியை வசந்தாவின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் எந்தக் கையெழுத்தும் போடாமல் வாங்கிக்கொண்டாள்.

ஞானகுமாரிக்குத் தன் மேசை திரும்பக் கிடைக்கவில்லை. கம்பெனி 1997இல் மூடும்வரை எட்டு வருடம் பேக்கிங்கிலேயே இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் லைன் லீடர் ஆனார்கள். அவள் ஆகவில்லை. அது அவளுக்கு வலித்தது. வலித்ததை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை. "அன்னிக்குக் கையெழுத்து போட்டிருந்தா இன்னிக்கு நீ லீடரு," என்று ஒருத்தி சொன்னபோது, "ஆமா, இன்னொருத்தி கண்ணு போயிருக்கும். நான் லீடரா இருந்திருப்பேன்," என்றாள்.

கம்பெனி மூடியபின் நூம்பலில் ஒரு சின்ன மனையில் கட்டிய வீட்டுக்குக் குடிபோனார்கள். முன்னறையில் ஒரு மேசை போட்டு, ஜூசர், மிக்சி பழுது பார்க்கப்படும் என்று பலகை மாட்டினாள். பலகையில் தன் பெயரைப் போட்டாள். வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் இல்லையாம்மா?" என்பார்கள். "இங்க குந்திகினு கீறேனே, தெரியலையா?" என்பாள்.

பழுது பார்த்த ஜூசரை அவள் சும்மா கொடுத்து அனுப்ப மாட்டாள். எடுத்துப் போகிறவர் அவள் எதிரில் ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்ட வேண்டும். ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த ஒருவருக்கு இது பிடிக்கவில்லை.

"இதெல்லாம் வீட்ல பொம்பளைங்க பாத்துப்பாங்க. நீ குடும்மா."

"அப்ப அவங்களக் கூட்டிகினு வாங்க."

"என் மெஷினக் குடுக்க மாட்டியா நீ?"

"மாட்டிக் காட்டுங்க, குடுக்கறேன்."

அவர் பெரிதாகச் சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஞானகுமாரி மெஷினை மேசையின் உள்பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த மிக்சியைக் கையில் எடுத்தாள். அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் மனைவியோடு திரும்பி வந்தார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேசை முன்னால் நின்றாள். பாத்திரத்தை வைத்தாள், சல்லடையை விட்டாள், கட்டைவிரலால் அழுத்தினாள். முதல் தடவை சத்தம் வரவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அந்த அம்மாள், தலை நிமிராமலே. சல்லடையை லேசாகத் திருப்பி மறுபடி அழுத்தினாள்.